ஆபத்தை யார் கணக்கெடுப்பது? கீழ்பென்னாத்தூர் வயல்களை முன்வைத்து

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி, தாலுகாவின் தலைமையிடம், சட்டமன்றத் தொகுதியும்கூட. சுற்றிலும் ஏரியையும் கிணற்றையும் நம்பிய நிலம். நெல், மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கரும்பு. பணியிடப் பாதுகாப்பு என்று இங்கே யாரிடமாவது பேச்செடுத்தால், அது செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கான சங்கதி என்பார்கள். மஞ்சள் தொப்பி, தீயணைப்புக் கருவி, சுவரில் ஒட்டிய எச்சரிக்கைப் படம். மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து நிற்கிறவருக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

உண்மையில் இந்தத் தாலுகாவின் மிகப் பெரிய பணியிடம் அந்தக் கொல்லைதான். அதற்கு வாயில் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, பாதுகாப்பு அலுவலர் இல்லை. விஷம், மின்சாரம், சுழலும் இயந்திரம், பாம்பு, ஆழம், வெயில் எல்லாம் இருக்கின்றன.

தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் முறை எளிமையானது. முதலில் எது தீங்கு செய்யக்கூடும் என்று கண்டறிய வேண்டும். பிறகு அது நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு பாதிப்பு என்று எடைபோட வேண்டும். கடைசியாகக் கட்டுப்படுத்த வேண்டும். கட்டுப்படுத்துவதில் ஐந்து படிகள் உண்டு: ஆபத்தை அடியோடு அகற்றுவது, அதைவிடக் குறைந்த தீங்குள்ளதை அந்த இடத்தில் வைப்பது, மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பைப் பொருத்துவது, வேலை நேரத்தையும் முறையையும் மாற்றுவது, இவை எதுவும் முடியாதபோது கையுறை, முகமூடி. மேலிருந்து கீழே வர வர, காப்பாற்றும் வலு குறையும். தொழிலாளியின் தலையில் விழும் பொறுப்பு கூடும்.

வயலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே பெரும்பாலும் கடைசிப் படி மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பாதி. "பாத்து செய்யி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது. அந்தச் சொல்லில் அன்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது கட்டுப்பாடு ஆகாது. ஆபத்தைக் குறைக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவராகவும், ஆபத்தில் நிற்பவர் இன்னொருவராகவும் இருப்பதுதான் கிராமப்புற வேலையின் அடிப்படைச் சிக்கல் என்பது என் கருத்து. ஆபத்தைக் கணக்கெடுக்கும் வேலையை வயலில் தொடங்கினாலும், அதைப் பெரும்பாலும் முடித்துவைக்க வேண்டியவர் வயலுக்கு வெளியே இருக்கிறார்.

இதை நம் நாட்டுச் சட்டம் ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டது. பசுமைப் புரட்சிக் காலத்தில் பஞ்சாப், அரியானா பக்கம் விசையால் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. கட்டை வாய் வழியாகக் கதிரைத் தள்ளும்போது கையும் சேர்ந்து உள்ளே போனது. கை இழந்தவர்கள் கவனக்குறைவானவர்கள், தூங்கி வழிந்தவர்கள் என்று பேசிக்கொண்டே இருந்திருக்கலாம். மாறாக, 1983இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. பொறுப்பு இயந்திரத்தைச் செய்பவர்மீதும் விற்பவர்மீதும் வைக்கப்பட்டது. கதிர் ஊட்டும் வாய் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் அளவு வந்தது: குறைந்தது 90 செ.மீ. நீளம், அதில் 45 செ.மீ. மேல்பக்கம் மூடியிருக்க வேண்டும். காரணம் வெளிப்படை. ஒரு ஆளின் கை அந்த நீளத்தைத் தாண்டி உருளையைத் தொட முடியாது. தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் எட்டாது. தொழிலாளியின் விழிப்பை நம்பாமல் கையின் நீளத்தை அளந்து எழுதிய விதி அது. கிராமப்புற வேலைக்காக இந்தியாவில் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பரவலாக அமலானதா என்பது வேறு கேள்வி. உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்கிற இயந்திரங்களை அளவு நாடாவோடு போய்ப் பார்ப்பவர் யார்?

கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் கிடைத்த அந்தத் தெளிவு பூச்சிமருந்துக்குக் கிடைக்கவில்லை.

மருந்து அடிக்கிற ஒரு காலையைப் பார்ப்போம். 16 லிட்டர் டேங்க். வாய்க்கால் மேட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, பாட்டில் மூடியையே அளவாக வைத்து இரண்டு மூடி ஊற்றுகிறார். புழு அதிகம் என்று இன்னொரு மூடி. கடைக்காரர் கொடுத்த வேறொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம். கையில் கிடைத்த குச்சியால் கலக்குகிறார். மடித்துக் கட்டிய கைலி, வெறுங்கால், முகத்தில் ஒரு துண்டு. டேங்கை முதுகில் ஏற்றும்போது மூடி ஓரத்திலிருந்து ஒழுகி முதுகு நனைகிறது. நடுவில் முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுகிறார். மதியம் தலை சுற்றினால் வெயில் என்று எண்ணி மோர் குடித்துவிட்டுப் படுக்கிறார்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் மூக்கைக் காட்டுவார்கள். அதனால்தான் துண்டு. ஆனால் கைத்தெளிப்பானால் மருந்து அடிப்பவர் உடலுக்குள் விஷம் போகும் முக்கிய வழி தோல். நனைந்த முதுகு, செடி உரசும் தொடை, ஈரமான துண்டு. பாதுகாப்பு என்று கட்டிய துணியே விஷத்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. கண்டறிதல் என்ற முதல் படியிலேயே தவறினால், அடுத்த இரண்டும் தவறாமல் என்ன செய்யும்?

எடைபோடுவதில் நேரும் பிழைக்கு 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம் சாட்சி. பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்து ஆள் உயரத்தைத் தொட்டிருந்தது. முன்பு இடுப்புக்குக் கீழே அடித்த மருந்தை முகத்துக்கு நேரே அடிக்க வேண்டிவந்தது. விசைத்தெளிப்பான்கள் கூடுதல் வேகத்தில் மருந்தைப் பொழிந்தன. பல மருந்துகளைச் சேர்த்துக் கலக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆள் அதே ஆள், வயல் அதே வயல். செடியின் உயரம் மாறியதும் ஆபத்தின் அளவு மாறிவிட்டது. அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்தி வயல்களில் மருந்து அடித்தவர்கள் உயிரிழந்தார்கள். ஒரு முறை கணக்கிட்டு எழுதிவைத்தால் போதும் என்கிற வேலையல்ல இது. பருவம் மாறும்போதெல்லாம் மறுபடி எடைபோட வேண்டும்.

இனி கட்டுப்பாடு. பாட்டிலின்மேல் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பின் பொருள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும் என்பது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் இதோடு நிற்கவில்லை. மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், ஆர்கனோபாஸ்பேட் போன்ற பூச்சிக்கொல்லிகளில் வேலை செய்கிறவரின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. அரை ஏக்கர் மல்லாட்டைக்கு ஒரு நாள் கூலிக்கு மருந்து அடிக்க வந்தவரின் ரத்தத்தை யார் சோதிப்பது? நிலத்துக்காரரே பல நேரம் தன் கொல்லைக்குத் தானே அடிப்பவர். அவரை ஆலை முதலாளியாக நினைத்து எழுதிய விதி, எழுதிய தாளிலேயே தங்கிவிட்டது.

பாதுகாப்பு உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் ரப்பர் கையுறையும் பிளாஸ்டிக் மேலங்கியும் மாட்டி மூன்று மணி நேரம் நடக்கச் சொல்வது ஒரு ஆபத்தை விரட்டி இன்னொன்றை அழைப்பது. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் பூச்சிக்கொல்லி மேலாண்மை நெறிமுறை இதை நேராகவே சொல்கிறது: அணிய முடியாத, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை, வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலிகளும் பயன்படுத்தும் நிலையே இருக்கக் கூடாது. ஆக, விவசாயி ஏன் கையுறை போடவில்லை என்பதைவிட, கையுறை இல்லாமல் தொட முடியாத மருந்து ஏன் அந்தக் கடையில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

இலங்கை அந்தக் கேள்வியைக் கேட்டது. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் விஷங்களை 1995இல் நிறுத்தியது; பின்னர் வேறு சிலவற்றையும். அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் சரியவில்லை. தற்கொலையைக் கருதி எடுத்த நடவடிக்கைதான். ஆனால் கடையில் இல்லாத விஷம் தெளிப்பவர் முதுகிலும் ஒழுகாது. தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலான சில மருந்துகளை 60 நாள் தடை செய்தபோதும் தற்கொலைத் தடுப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலத்தின் அதிகாரம் அப்படித் தற்காலிகமாக நிறுத்துவதோடு முடிகிறது. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். மோனோகுரோட்டோபாஸின் புழக்கத்தில் இருந்த வடிவத்தை அது தடை செய்தது 2023இல்தான். கீழ்பென்னாத்தூர் வயலில் ஒழுகும் டேங்குக்கான முதல்படிக் கட்டுப்பாடு டெல்லியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இங்கே போபாலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1984இல் அங்கே நச்சுவாயு கசிந்த ஆலை பூச்சிக்கொல்லி ஆலை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளர் சம அளவில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு, கையாளும் பொருளின் தீங்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை, உயிராபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமை எல்லாம் வந்தன. நல்ல விதிகள். ஆனால் விஷத்தைச் செய்கிறவருக்கு வந்த உரிமை ஆலையின் மதிலோடு நின்றுவிட்டது. அதை வாங்கித் தெளிக்கிறவருக்குக் கிடைத்தது பாட்டிலோடு வரும், பொடி எழுத்தில் அச்சடித்த மடிப்புத் தாள்.

பாம்புக்கடியை யாரும் தொழில் விபத்து என்று சொல்வதில்லை. விதி என்பார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. இறப்புகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். விதைப்பும் களையெடுப்பும் நடக்கிற மாதங்கள் அவை. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவிக்கப்பட்டது. அதுவரை எத்தனை பேர் கடிபட்டார்கள், எங்கே, எந்த வேலையின்போது என்று முறையான கணக்கே இல்லாமல் எடைபோடுவது எப்படி?

வேலை என்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். மும்முனை மின்சாரம் முறை வைத்துக் கொடுக்கப்படுகிறது. முறை இரவில் வந்தால், இரவில்தான் மோட்டார் போட வேண்டும். பதினொரு மணிக்கு வரப்பில் நடந்து, ஈரத் தரையில் நின்று, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார். வரப்பில் கண்ணாடி விரியன், பெட்டிக்குள் கசியும் மின்சாரம். டார்ச் லைட் கொண்டு போ, செருப்புப் போட்டுக்கொள் என்பது ஐந்தாம் படி. கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவி மூன்றாம் படி. வேளாண் பொறியியல் துறை அதை மானியத்தில் தருகிறது, வாங்கியவர்கள் மோட்டார் போட இரவில் வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. பகலிலேயே மின்சாரம் கொடுப்பது முதல் படி. குஜராத் 2020 அக்டோபரில் தொடங்கிய கிசான் சூர்யோதயா திட்டம் காலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள் பாசன மின்சாரம் என்பதை இலக்காக வைத்தது. மின்வாரியத்தின் நேர அட்டவணை ஒரு பாதுகாப்பு ஆவணம் என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

கிணறு தனி அத்தியாயம். இந்தப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கம்ப்ரசர் வைத்துத் துளைபோட்டு, தோட்டா வைத்து, உடைந்த கல்லை டீசல் கிரேன் கம்பியில் தொங்கும் இரும்புத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். கல்லை ஏற்றிய அதே தொட்டியில், அதே கம்பியில் ஆளும் ஏறி இறங்குகிறார். தொழிற்சாலையில் பாரம் தூக்கும் கயிற்றையும் சங்கிலியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். இங்கே கம்பியின் இழை பிரிந்திருப்பதைப் பார்ப்பது கிரேன்காரரின் கண்தான். அது நல்ல கண்ணாக இருக்கும்வரை பிழைப்பு.

கிணற்றுக் காற்றைச் சோதிக்கப் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது. அணைந்தால் இறங்கக் கூடாது. பிராணவாயு குறைந்ததை அது காட்டும். அந்த அளவில் சரியான அறிவு. ஆனால் நீர் இறைக்க எண்ணெய் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டும் காலத்தில் அந்த விளக்கு ஏமாற்றிவிடும். இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு காற்றில் 0.12 விழுக்காடு இருந்தாலே உடனடி உயிராபத்து. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ஒருவர் சாய்ந்ததும் அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கப் பக்கத்துக் கொல்லைக்காரர் இறங்குவார். வீரம் என்று பாராட்டப்படும் இந்த இரண்டாவது, மூன்றாவது சாவுகளைத் தடுக்க வேண்டியது மேலே நிற்பவர் கையில் ஒரு கயிறும், இறங்குபவர் இடுப்பில் ஒரு பெல்ட்டும். அதே தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு மூடிய இடங்களுக்கு இதையேதான் சொன்னது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதன் தீவிரம் குறைவு என்பதால் அல்ல. போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்கள். அவர்களிடையே கருச்சிதைவு 5 விழுக்காடு. மற்றவர்களிடையே 2 விழுக்காடு. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. இறந்த பிறகு கொடுப்பது இழப்பீடு. களையெடுப்பைக் காலை ஆறுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குக் கரையேறி, முழு நாள் கூலி கொடுப்பது கட்டுப்பாடு. கூலியைக் குறைத்துக்கொண்டு நிழலைக் கொடுத்தால் யாரும் நிழலுக்கு வர மாட்டார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது? பழைய தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் என்று தொடங்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கு அதை இருபதாக உயர்த்தியது. பொதுவாக ஒரு நிறுவனம் என்று கணக்கில் வர பத்துப் பேர் வேண்டும். கிணறு வெட்டும் குழுவில் பத்துப் பேர் இருப்பது அபூர்வம். மருந்து அடிப்பவர் ஒற்றை ஆள். விவசாயத்தில் பாதுகாப்பு குறித்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001இல் கொண்டுவந்த 184ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கையைவிட வேலையின் தன்மையை அளவுகோலாக வைத்திருந்தால் இந்தக் குழுக்கள் விடுபட்டிருக்காது. அதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டின் நம் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டது.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. 1960களில் இத்தாலியின் டூரின் நகரத்தில் இவார் ஒட்டோனே என்ற மருத்துவர் ஃபியட் ஆலைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவர்களையே ஆபத்துகளை வரைபடமாகப் போட வைத்தார். நிபுணர் கருவியோடு வந்து அளப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் நின்றால் தலை வலிக்கிறது என்பது அங்கே நிற்பவருக்குத் தெரியும் என்பதே அவர் முறையின் அடிப்படை. கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை பிடுங்கும் பெண்களைக் கேட்டால் எந்த வரப்பில் பாம்புப் புற்று, எந்த மோட்டார் கொட்டகையில் கை வைத்தால் சுர்ரென்கிறது, யார் கொல்லையில் மருந்து அடித்த மறுநாளே களைக்கு இறங்கச் சொல்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அது எங்கும் எழுதப்படாமல் இருப்பதுதான் குறை.

எழுத ஒரு நாளும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் நாளில் கூடும் சபையில் தொழிலாளியின் உயிரைப் பற்றி ஒரு பொருளாவது வைக்கலாம். கசியும் ஸ்டார்ட்டர் பெட்டிகளின் பட்டியல், இரவு முறை மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றக் கோரி மின்வாரியத்துக்கு ஒரு தீர்மானம், சிவப்பு முக்கோண மருந்தை விற்கும் கடைகளைச் சோதிக்க வேளாண் உதவி இயக்குநருக்கு ஒரு மனு, ஊராட்சிக்குப் பொதுவாக ஒரு வாயுமானியும் இரண்டு இடுப்புப் பெல்ட்டும் வாங்க ஒரு தொகை. கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளை நிர்வகிப்பவர்கள் வரும் மே 1 கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், கூட்டத்துக்குப் போகிறவர்கள் எழுந்து கேட்க வேண்டும்.